மேனேஜர் படம் போட்ட அழைப்பிதழ்

விருதுநகர்
28.7.2024

அண்ணன் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஏன் வெளியேறினேன் என்று மதினி போனில் கேட்டார்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் அச்சகத்து வேன் டிரைவர் இறக்கிவிட்டுப் போன கிடா விருந்து அழைப்பிதழ்க் கட்டை முதலில் பிரித்தவள் உங்கள் தம்பி மகள், என் பிள்ளை பிரீத்திகா. அட்டையில் அவள் எடுத்த படம். எங்கள் வீட்டுக் கிடா மேனேஜர், என் மூக்குக் கண்ணாடியும் தாள் கிரீடமுமாக நிற்கிறான். முன்னால் வைக்கிற தாளையெல்லாம் மென்று தீர்ப்பதால் அவள் வைத்த பெயர் அது. படத்துக்குக் கீழே, 'இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கிடா வெட்டு. அனைவரும் வருக.'

அந்தப் படத்துக்கு எங்களுக்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. அவள் அம்மா கொடியில் போர்வையைக் கட்டித் திரை போட்டாள். நான் பட்டாசுப் பெட்டி லேபிள் கழிவில் கிரீடம் வெட்டினேன். பிள்ளை தரையில் படுத்துக்கொண்டு எடுத்தாள். மூன்று பேருக்கும் வேறு வேலை இல்லை என்று நீங்கள் குழுவில் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே படத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் கிடா வெட்டுவதாக நேர்ந்தது நீங்கள். எங்கள் ஆடு போட்ட குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, 'இது ஆத்தாளுக்கு' என்று சொல்லிப் போனதும் நீங்கள். யாரையும் கேட்கவில்லை.

இன்னொன்று. உங்கள் மகன் மணிகண்டராஜ் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பன் பெயருக்கு இடமில்லை என்றீர்கள். இதில் மட்டும் 'கிடா உபயம்: செந்தூர்பாண்டி' என்று தங்க எழுத்தில் போட இடம் இருந்திருக்கிறது.

பிள்ளை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கிடாவைத் தர மாட்டேன்.

செந்தூர்பாண்டி

*

சிவகாசி
31.7.2024

ஏலே செந்தூரு,

கடுதாசி வந்துச்சு. எம்.ஏ. படிச்சவன் எழுத்து அழகாத்தான் இருக்கு. ஒரு ஆட்டுக்கு இம்புட்டு எழுதணுமாலே?

படம் நல்லா இருந்துச்சு, போட்டேன். பாக்குறவுக அம்புட்டுப் பேரும் யாரு எடுத்ததுன்னுதான் கேக்காக. பெரியப்பன் பெருமையாப் போட்டான்னு பிள்ளைகிட்டச் சொல்லு.

வேற கிடா வாங்க எனக்கு வக்கில்லாம இல்ல. ஆத்தாளுக்குன்னு கட்டின மஞ்சத்துணி. அதை மாத்தக் கூடாது. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவியா? என் கண்ணோட விளையாடாத. உன் மதினி பயந்துபோய் இருக்கா.

கல்யாணப் பத்திரிகையை இன்னும் எத்தனை வருசம் மெல்லுவ? நீயும் அந்த மேனேஜரும் ஒண்ணுதான்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் வேன் வரும். ஏத்தி விடு.

இராமகிருஷ்ணன்

*

விருதுநகர்
4.8.2024

அண்ணன் அவர்களுக்கு,

வேனை அனுப்ப வேண்டாம். வந்தால் காலியாகத்தான் திரும்பும்.

உங்கள் கண் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும்தான் கும்பிட்டேன். வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துங்கள், ஆத்தாள் வாங்கிக்கொள்வாள். மஞ்சள் துணியை அவிழ்த்தது நான். குற்றமென்றால் என்னைக் கேட்கட்டும், உங்கள் கண்ணைக் கேட்க வேண்டாம் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். நாளைக்கு உங்களுக்கு ஒன்றென்றால் கையைப் பிடித்துக் கூட்டிப் போகவும் வருவேன். கிடாவை மட்டும் கேட்காதீர்கள்.

ஊரில் கொடுக்கச் சொன்ன அழைப்பிதழ்களில் ஒன்றையும் நான் கொடுக்கவில்லை. இன்று ஞாயிறு. மறுபடி போர்வையைக் கட்டினோம். பிரீத்திகா ஓர் அழைப்பிதழில் தங்க எழுத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மேனேஜர் முன்னால் நீட்டினாள். தங்கம் அவன் வயிற்றுக்கு ஆகாதாம். அவன் நிதானமாக மென்றான்.

"உங்க அண்ணன் அச்சடிச்சதுல ருசியான பத்திரிகை இதுதான் போல" என்றாள் அவள் அம்மா. பிள்ளை அப்போதுதான் சிரித்தாள். அதற்கப்புறம் இரண்டு தோசை சாப்பிட்டாள்.

பிள்ளை போனில் டைமர் வைத்து எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் அவன், வாயில் உங்கள் அழைப்பிதழ். சுற்றிலும் நாங்கள் மூவரும். இதை நீங்கள் எந்த அட்டையில் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பிள்ளை சம்மதம் கொடுத்துவிட்டாள்.

கத்தரித்த தங்க எழுத்து மேசையில் கிடக்கிறது. என் பெயர்தான். இருக்க வேண்டிய பத்திரிகையில் அதை விட்டீர்கள், இருக்கக் கூடாததில் போட்டீர்கள். இந்த ஒரு தாளிலாவது அதை வைப்பதா விடுவதா என்று நான் தீர்மானிக்கிறேன். கீழே கையெழுத்துப் போடாமல்தான் இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.