பதிவேட்டில் பத்தொன்பது வாலாட்டிகள்

ஏப்ரல் 6, ஞாயிறு
ஒன்பது வருடம் கழித்து மறுபடி கெலிபியா உப்பங்கழிக்குப் போனேன். பறவைகளைப் பிடித்துக் கால்வளையம் மாட்டிப் பறக்கவிடும் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு ஒரு காலத்தில் நான்தான் தலைவன். இப்போது ரவ்தா. அன்று நான் சொல்லச் சொல்லப் பதிவேட்டில் எழுதிய தபாலாபீஸ்காரி.

"வாங்க ஹமாதி அண்ணே. வளையம் மாட்டுற உங்க உரிமம் காலாவதி ஆயிடுச்சு. கொஞ்ச நாளைக்கு எழுதுற வேலைதான்."

பென்சிலை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 7
என் மனைவி ஸல்வா சிரித்துத் தீர்த்தாள். "மருந்துக்கடையில ராஜா, அங்க போய் குமாஸ்தாவா?"

ஏப்ரல் 13, ஞாயிறு
ரவ்தாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலையில் சிக்கிய தகைவிலான் குருவியை முதலில் கால், பிறகு வயிறு, பிறகு இறக்கை என்று அவிழ்த்தாள். ஓர் இறகுகூடக் கலையவில்லை. என் கைக்கு இந்தப் பொறுமை என்றைக்காவது இருந்ததா?

ஏப்ரல் 20, ஞாயிறு
பத்து மணிக்குப் பாலைவனத்துச் சூடான காற்று, ஷெஹிலி, கிளம்பிவிட்டது. தகைவிலான்கள் மழைபோல வலையில் விழுந்தன. கொக்கிகளில் அறுபது துணிப்பைகள், எல்லாவற்றிலும் வளையத்துக்குக் காத்திருக்கும் பறவை.

"வலையை மூடுங்க. பையில இருக்கிறதை அப்படியே பறக்க விட்ருங்க" என்றாள் ரவ்தா.

"வளையம் மாட்டாமலா? இப்படி ஒரு நாள் இனி எப்ப வரும்?" கத்தியது நான்தான்.

"வாயைத் திறந்து மூச்சு வாங்குது, தெரியலையா? அவிழ்த்து விடுங்கண்ணே!"

அவிழ்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னும் இதே காற்று. எண்ணிக்கை ஆசையில் நான் வலையை மூடவில்லை. பைக்குள்ளேயே பத்தொன்பது வாலாட்டிக் குருவிகள் சூட்டில் செத்துப்போயின. 'விடுவிக்கப்பட்டன' என்று அவளை எழுத வைத்தேன். கடையில் வேலை அதிகம் என்று சொல்லிக் குழுவை விட்டு நின்றேன்.

ஏப்ரல் 21
மறந்திருப்பாளா? எப்படி மறப்பாள் — எழுதியது அவள் கைதானே.

ஏப்ரல் 24
தபாலாபீஸ் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், "அந்தப் பத்தொன்பது வாலாட்டி... உன்னைப் பொய் எழுத வெச்சுட்டேன்மா" என்றேன்.

முத்திரை குத்துவதை நிறுத்தினாள். "அன்னிக்குச் சாயந்திரமே அடிச்சுத் திருத்திட்டேண்ணே. செத்துப்போச்சுன்னுதான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. அப்ப நீங்க தலைவர்."

பின்னால் ஒரு கிழவர்: "உங்க கதை முடிஞ்சுதுன்னா என் பார்சலைத் தேடுறீங்களா?"

பயந்துகொண்டே சரியானதைச் செய்திருக்கிறாள். நான் பயந்துகொண்டு ஓடினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு
கடைசி வலையைப் பார்த்துவரும் முறை என்னுடையது. தெரிந்தவர் ஒருவரோடு பேசி நின்றதில் இருபது நிமிடம் தாமதம். பூனை முந்திவிட்டது. ஒரு கதிர்க்குருவி. யாரும் பார்க்கவில்லை.

எடுத்துவந்து மேசையில் வைத்தேன். எழுதியதை எல்லோர் காதிலும் விழும்படி படித்தேன்: "கதிர்க்குருவி, ஒன்று. வலையில் இறந்தது. ஹமாதி தாமதமாகப் போனதால்."

ரவ்தா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடுத்த சுத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நீங்களே போயிட்டு வாங்கண்ணே."

ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினேன்.