சிப்பியை மாத்த மாட்டேன்

இராஜபாளையம்,
திங்கட்கிழமை.

என் மகன் ஜெபக்குமாருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில நான் சுகம், சிப்பியும் சுகம், எங்க ரெண்டு பேராலயும் இந்த ஊர்ல கொஞ்சப் பேருக்குத்தான் சுகமில்ல. நீயும் மருமக விஜியும் அந்த அயர்லாந்து மழையில நனையாம, நேரத்துக்குச் சாப்பிட்டு, தெம்பா இருக்கணும்னு தினமும் ஜெபிக்கேன். வீடியோவுல பேச வேண்டியத இவ ஏன் எழுதுதான்னு முழிக்காத. அதுல நான் பாதி சொல்லும்போதே நீ குறுக்க விழுந்துருவ, காயிதம்னா நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயத் திறக்க முடியாது.

சனிக்கிழமை காலையில குருசாமி வந்தான், சிப்பிய நீ யாருகிட்ட வாங்கினியோ அதே குருசாமிதான். கூடையில ஒரு புதுக் குட்டி. இதுக்குக் காது நல்லா கேக்கும், இத வச்சுக்கிட்டு அதக் குடுத்திருங்கக்கா, தம்பி போன்ல எல்லாம் பேசிட்டாருன்னு சொல்லுதான். அதக் கொண்டு போயி என்னலே செய்வன்னு கேட்டேன். செவிட்டு நாய யாருக்கா வாங்குவா, பாத்துக்கிடலாம்னு தலையச் சொறிஞ்சான். அந்தப் பாத்துக்கிடலாம்னா என்னன்னு இந்த ஊர்ல பொறந்த எனக்குத் தெரியாதா? ஒரு காப்பியக் குடுத்து கூடையோட வண்டியேத்தி விட்டுட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவன்கிட்டப் பேச உனக்கு எம்புட்டுத் தைரியம்!

நீ என்ன சொல்லுவன்னு தெரியும். காது கேக்காத நாய் காவலுக்கு எதுக்கு, நடக்கக் கூட்டிட்டுப் போக இடமில்லன்னு நீங்கதானம்மா புலம்புனீங்கன்னு சொல்லுவ. புலம்புனேன், இல்லங்கல. அது இடம் வேணும்னு புலம்புனது, நாய் வேண்டாம்னு இல்ல. தோப்புல அவுத்து விடுங்கன்னு ஆளாளுக்கு யோசனை சொல்லுதாங்க. ஒரு தடவ விட்டுப் பாத்தேன், நேரா தென்காசி ரோட்டுக்கு ஓடிருச்சு, லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே வாரான், இது திரும்பிப் பாக்கல. அவன் பிரேக்கப் போட்டதால இது பிழைச்சுச்சு, நானும் பிழைச்சேன். அன்னையில இருந்து கயிறு இல்லாம வாசப்படி தாண்ட விடுறதில்ல. நாலு பக்கமும் வேலி உள்ள ஒரு இடம் வேணும், கயித்தப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஓரமா நடந்துட்டு வந்துருவோம், அம்புட்டுதான் நான் கேக்குறது.

நீ போன்ல அனுப்பின மேப்ப ஈஸ்வரிகிட்டக் குடுத்துப் பாக்கச் சொன்னேன், எதுத்த வீட்டுப் பிள்ளதான், கிருஷ்ணன்கோவில் காலேஜுல படிக்கா. நாய் வரலாம்னு அதுல ரொம்பப் பக்கத்துல காட்டினதே மதுரையத் தாண்டி ஒரு இடம். பொறவு ராக்கப்பன் ஆட்டோவுல ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனோம், வாசல்லயே கையக் காட்டி நிறுத்திட்டாங்க. அங்க இருந்து செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போனா, காட்டிலாகா ஆளு, இது மிருகம் நடமாடுற இடம்மா, நாய் வாசனைக்குச் சிறுத்தை இறங்கிரும்னாரு. அது நியாயம், கும்பிடு போட்டுத் திரும்பிட்டேன். பிளவக்கல் அணைக்குப் போவமாக்கான்னு ராக்கப்பன் கேட்டான், அங்க உள்ள குரங்குகளோட யாரு மல்லுக்கட்டன்னு வீட்டுக்கு விடச் சொல்லிட்டேன்.

மிச்சம் நம்ம தெருக்கோடியில இருக்கிற பூங்காதான். அங்க நடக்கிறவங்க சங்கத்துக்கு வேலுசாமி சார் தலைவர். வெளிச்சுவர்ல எம்மாம்பெரிய வெள்ள நாய் படம், நம்ம சிப்பி சாதிதான், நம்ம ஊரு பெருமைன்னு அவர்தான் வரைய வச்சாரு. அந்தப் படத்துக்கு நேர கீழ நின்னுக்கிட்டு நாய் உள்ள வரக்கூடாதுங்காரு! சார், செவுத்துல உள்ளது பெருமை, கயித்துல உள்ளது எருமையான்னு கேட்டுட்டேன், பக்கத்துல நின்னவங்க சிரிச்சுட்டாங்க, அவருக்குக் கோவம் வந்துருச்சு. தெருநாய் கடிச்சு பிள்ளைக ஊசி போட அலையுறத அவர் சொன்னாரு, அதையும் நான் குத்தம் சொல்லல. சிப்பிக்கு ஊசி போட்ட சீட்டு இருக்கு, அது போற அசிங்கத்த அள்ளப் பையும் இருக்குன்னு காட்டினேன். அவரு கேக்கவே இல்ல, போ போன்னு சிப்பி முகத்துக்கு நேரயே கத்துதாரு. இது அவரப் பாத்து வால ஆட்டுது. நான் கையத் தூக்கினேன், உக்காந்துருச்சு. பேண்டேஜ் துணித் தறியில வேலை பாக்கையில நாங்க பேசின கைப்பாசைய அப்படியே பழக்கி வச்சிருக்கேன், அந்தச் சத்தத்துல வாய வச்சு யாரு பேசினா? அப்பத்தான் அவருக்கு விளங்கிச்சு. ஓகோ செவிடா, சரிதான், ரெண்டும் நல்ல ஜோடின்னு சிரிச்சாரு.

அவரு அறியாமச் சொன்னாரோ, ஊர்ல தெரிஞ்சு போச்சோ. ஜெபா, உனக்கு நான் சொல்லல, இப்பச் சொல்லுதேன். தறிச் சத்தத்துல என் காதும் போயிட்டிருக்கு. வலது சுத்தமா இல்ல, இடதுக்கு டாக்டர் மிஷின் எழுதிக் குடுத்திருக்காரு. போன்ல நீ பேசுறதுல பாதி எனக்கு விழுறதில்ல, சரிப்பா சரிப்பான்னு தலையாட்டி வச்சிருக்கேன். ஆனா காது கேக்காதத வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க, மாத்திருங்கன்னு நீ சொன்ன பாரு, அது மட்டும் ஒரு எழுத்து விடாம விழுந்துச்சு.

அழுதுக்கிட்டு எழுதுறேன்னு நினைக்காத, எனக்கு ஆத்திரம்தான் வருது. காலையில ஒரு மணி நேரம், ஒரு மூலை, கயித்துல கட்டின நாய்க்கு விடுங்கன்னு நகராட்சியில மனு குடுத்திருக்கேன். பதில் வார வரைக்கும் தினமும் அந்த வேலியச் சுத்தி வெளிய நடப்போம், வெயிலானாலும் மழையானாலும். வேலுசாமி சார் உள்ள சுத்தட்டும், நாங்க வெளிய சுத்துதோம், யாரு முதல்ல களைக்காங்கன்னு பாத்துருவோம்.

விஜி உடம்பப் பாத்துக்க, நைட் டூட்டி முடிஞ்சு வெறும் வயித்துல படுக்க விடாத. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறத விட்டுறாத. கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் கண்ணுமணி போலக் காப்பாராக. கிறிஸ்மஸுக்கு வாரப்ப வழக்கம் போல கேட்டுல நின்னு அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு நிக்காத, எங்க ரெண்டு பேருக்கும் கேக்காது. திறந்து உள்ள வந்து, எங்க கண்ணு முன்னால நில்லு.

உன்னைப் பெத்த அம்மா,
ஞானபாக்கியம்.