முன்சீட்டின் முதுகு

ஜூன் 3, செவ்வாய்

பட்டறைக்கு இன்று வந்ததெல்லாம் பம்பர்தான். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்கள் புண்ணியத்தில்தான் நம் அடுப்பு எரிகிறது என்று முதலாளி சொல்வார். இரும்பு நசுங்கினால் டிங்கரிடம் போகும், நிறம் போனால் பெயிண்டரிடம். பிளாஸ்டிக் உடைந்தால் நேரே என் மேசைக்கு. உடைந்ததைப் பார்த்தால் எனக்கும் கை சும்மா இருக்காது. சின்ன வயதிலேயே அப்படித்தான்.

மழையில் நனைந்துகொண்டே வீடு வந்தேன். அவர் வரவில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு மழைநாள்தான் அறுவடை. வீட்டில் நானும், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனும், கதவோரம் எங்கள் பெண் வாலுவின் செருப்பும். பிப்ரவரியில் கழற்றிவிட்ட இடத்திலேயே கிடக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் நகர்த்துவதில்லை. அதைச் சுற்றித்தான் பெருக்குகிறேன்.

ஜூன் 4

தூக்கம் இல்லை. அவரும் தூங்கவில்லை. இரண்டு பேரும் தூங்குவது போல் கிடந்தோம்.

ஜூன் 9, திங்கள்

மதியம் அவர் போன். யாரோ பின்னால் வந்து— இல்லை, முன்னால் நின்றவன் ரிவர்ஸ் எடுத்து இடித்துவிட்டானாம்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கென்ன. பம்பர்தான் வாயைப் பொளந்துடுச்சு.”

நம் பட்டறைக்கே கொண்டுவந்து விட்டார். சாவியைக் கொடுக்கும்போது, “பம்பர் மட்டும் பாரு, போதும்” என்றார். என் மேல் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். காரில்லாமல் அவர் நடந்து போவதைப் பார்க்க யாரோ போல இருந்தது. தோள் இவ்வளவு இறங்கிப்போனது எப்போது?

ஜூன் 10

பம்பரைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். எதையும் முதலில் முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும். என்ன பிளாஸ்டிக் என்று அங்கேதான் பொறித்திருக்கும். அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஊற்றினால்தான் ஒன்றோடொன்று கலக்கும். வேறு எதையாவது போட்டால் பார்வைக்கு ஒட்டியது போலிருந்து, முதல் குலுக்கலில் கையோடு வந்துவிடும்.

விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் முனையில் சின்ன ஓட்டை போட்டேன். பின்புறம் கம்பி வலையைச் சூடாக்கிப் பதித்தேன். மேலே உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, தேய்த்து, பெயிண்டரிடம் கொடுத்தாயிற்று.

வண்டி கையில் சிக்கியது சிக்கியதுதான் என்று மற்றதையும் பார்த்தேன். ஹெட்லைட்டை மாட்டும் காது ஒன்று உடைந்திருந்தது, போட்டேன். ஏசி காற்று வரும் இடத்தில் ஒரு தகடு ஆடியது, போட்டேன். பிறகு அவர் சீட்டு.

ஓட்டுகிறவர் சீட்டின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதில் கீழே இரண்டு காதும் போய், ஒரு பக்கம் விரிசல் விட்டு, பள்ளத்தில் இறங்கினால் டக், ஏறினால் டக். வாலு உதைத்து உடைத்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் தினமும் இந்த வழக்குதான்.

“உதைக்காதடி, அப்பாவுக்கு முதுகு வலிக்குது.”

“நான் இல்லப்பா, கால்தான்.”

என்னை ஒருநாள்கூட அவர் ‘டி’ போட்டதில்லை. கோபத்திலும் இல்லை. அந்த உரிமை அவளுக்கு மட்டும்தான்.

மூடியைக் கழற்றி மேசையில் வைத்தால் அவள் ஷூ தடம். சின்னச் சின்னதாய், ஒன்றின் மேல் ஒன்றாய். என்னால் பார்க்க முடியவில்லை. தின்னர் தொட்டுத் துடைத்தேன். கண்ணில் கொட்டியதைத் தின்னர் நெடி என்று டிங்கர் நினைத்துக்கொண்டார், நல்லதாய்ப் போயிற்று. புதிதாக இரண்டு காது வளர்த்து, அரத்தால் ராவி, விரிசலை மூடி, மாட்டி அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை.

அந்தச் சத்தம் வந்தாலே நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இனி இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று கொஞ்சம் சாப்பாடு இறங்கியது.

ஜூன் 11

வண்டியை எடுத்துப் போனார். பம்பரை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, “ஒடஞ்ச எடமே தெரியல” என்றார். சீட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 12

கண்டுபிடித்துவிட்டார்.

சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“சீட்டுக்குப் பின்னாடி என்ன பண்ணினே?”

“காது ரெண்டும் போட்டேன். சத்தம் போச்சா?”

“போச்சு.”

சாவியைக் கட்டிலில் போட்டார். “பம்பர் மட்டும்னு சொன்னேனே.”

“பாசஞ்சருங்க சத்தம் சத்தம்னு சொல்றாங்கன்னு நீங்கதானே—”

“சொன்னது அவங்க. நான் சொன்னேனா?”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இத்தனை நாளும் பின்னாடி டக்குனு கேக்கும். அவ இருக்கான்னு நெனச்சு ஓட்டிட்டுப் போயிடுவேன். திரும்பிப் பாத்ததே இல்ல. இன்னைக்கு ஸ்கூல் ரோட்டு வேகத்தடையில ஏறி இறங்கினேன். ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாத்துட்டேன்.”

எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா? அவருக்கு மட்டும்தான் பிள்ளையா? அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்கு உயிர் போகுது, அவருக்கு அதுதான் உயிராம். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாம— ஷூ தடத்தையும் துடைச்சேன். அதை அவர் கேக்கல. கேட்டா என்ன சொல்வேன்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டார்.

“அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருக்கேன்.”

“வண்டி?”

“ஓட்ட முடியல.”

கோபம் இல்லை, கத்தல் இல்லை. சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். வாசலில் அந்தச் செருப்பைத் தாண்டி, அதை மிதிக்காமல், போனார்.

ஜூன் 15, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தார். “ஏம்மா, இங்க வந்து ஊமைச்சாமியா உக்காந்திருக்கான். சண்டையா?”

“சண்டை இல்ல அண்ணி.”

“சண்டையா இருந்தா நல்லாருந்திருக்கும். ஒரு வாரத்துல சரியாயிடும். இது எப்பச் சரியாகும்னே தெரியலையே.”

அவருக்கும் குரல் உடைந்துவிட்டது. வைத்துவிட்டார்.

ஜூன் 17

குக்கர் வைக்கவில்லை. யாருக்கு?

ஜூன் 19

அவர் திரும்பி வராமலே போய்விடுவாரோ என்று இன்றுதான் பயம் வந்தது. பிள்ளை போன வீட்டில் புருஷனும் போய்விட்டால் நான் மட்டும் அந்தச் செருப்பைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு இருப்பேனா?

கார் கீழே தூசி படிந்து நிற்கிறது. மூடியைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். போட்ட காதை வெட்டிவிட்டால் பழையபடி ஆடும், பழையபடி டக்கென்று கேட்கும். இவ்வளவுதானே வேலை? பிளேடை அதன் மேல் வைத்துவிட்டேன். அழுத்த முடியவில்லை. வெட்டினால் அது என் கை உடைத்தது. அவள் கால் உடைத்தது ஆகாது. அவரை ஏமாற்றலாம், சத்தமும் வரும், ஆனால் அது அவள் இல்லை என்று எனக்குத் தெரியுமே.

முதலாளி வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பெனி பீஸ் மாதிரி இருக்கு. நீ போட்ட ஒட்டு விட்டுச்சுன்னு ஒருத்தன் வந்ததில்ல.” மனுஷர் பாராட்டினார். எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் கீழே போய்க் காரைத் திறந்தேன். பின்சீட்டில், அவள் இடத்தில் உட்கார்ந்தேன். முட்டி இடித்தது. கால் வைக்க இடமே இல்லாத இடத்தில் அவள் மட்டும் எப்படித்தான் அவ்வளவு உதை உதைத்தாள்.

உதைத்தேன். முதலில் மெதுவாக. கை உடைத்தால்தானே தப்பு, கால் உடைக்கட்டும். பிறகு பலமாக. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால். எதிர்வீட்டுக்காரர் துணி காயப்போட வந்தவர் அப்படியே நின்று பார்த்தார். பார்க்கட்டும். பைத்தியம் என்று சொல்லட்டும். மூடி அசையவில்லை. உடைஞ்சு தொலையேன், உடைஞ்சு தொலையேன்னு கத்தினேன்னு நினைக்கிறேன்.

முன்கதவு திறந்தது. அவர். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார், எடுக்க வந்தாராம். ஒன்றும் கேட்காமல் தன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் முதுகு சீட்டில் இருக்கிறது என்று தெரிந்தும் இன்னும் உதைத்தேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

கால் ஓய்ந்த பிறகு அவர் பேசினார். திரும்பாமலே பேசினார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரி போறப்ப, வழியெல்லாம் டக்கு டக்குனு கேட்டுச்சு. காலை ஆட்டிட்டுத்தான் இருக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அதைக் கேட்டுக்கிட்டேதான் ஓட்டினேன். அது இல்லேன்னா அன்னைக்கு என்னால ஓட்டியிருக்கவே முடியாது.”

அன்று பின்சீட்டில் இருந்தது நான். வாலு என் மடியில் சுருண்டு கிடந்தாள். சில்லிட்டிருந்த கால் இரண்டையும் என் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். வழி முழுக்க அவை அசையவில்லை. அவர் கேட்டது ரோட்டுப் பள்ளத்தின் சத்தம்.

அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இங்கே எழுதியதோடு சரி.

“என்னால உடைக்க முடியலங்க” என்றேன்.

“உடையாது. நீ போட்டதாச்சே.”

அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். ஆளுக்கொரு சீட்டில், முன்னும் பின்னுமாக. பிள்ளை போனதிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதது இன்றுதான். இத்தனை நாள் ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் அழுதோம்.

என் குதிகால் வீங்கிவிட்டது. அவர்தான் தாங்கிப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்தார். பையை நாளைக்குப் போய் எடுத்துவருகிறேன் என்றார்.

ஜூன் 24

பை வந்துவிட்டது. வண்டியை எடுக்கவில்லை. கழுவி மட்டும் வைத்தார்.

ஜூலை 8

இன்று சவாரிக்குப் போனார். எப்படியிருந்தது என்று கேட்டதற்கு, “ரொம்ப அமைதியா இருந்துச்சு” என்றார். நல்லதாகச் சொல்லவில்லை.

ஜூலை 14

இப்போதெல்லாம் எதைக் கையில் எடுத்தாலும், எப்படி உடைந்தது, யார் உடைத்தது, சரிபண்ணத்தான் வேண்டுமா என்று கேட்டுவிடுகிறேன். பம்பருக்கெல்லாம் விசாரணைக் கமிஷன் வைக்கிறாள் என்று பெயிண்டர் கேலி செய்கிறார். செய்யட்டும்.

இன்று ஒருத்தி அதே மாதிரி மூடியைக் கொண்டுவந்தாள். பையன் உதைத்ததாம், திட்டிக்கொண்டே நின்றாள். போட்டுக் கொடுத்தேன். “இனிமே எவ்வளவு உதைச்சாலும் உடையாது, விடுங்க, உதைக்கட்டும்” என்றேன். ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் பட்டறையில் என்னை இறக்கிவிட்டுத்தான் அவர் சவாரிக்குப் போகிறார். எப்போதும் முன்னால் அவர் பக்கத்தில் உட்காருவேன். இன்று அந்தச் சீட்டில் மேல்வீட்டுக்காரர் தன் காரிலிருந்து கழற்றிக் கொடுத்த உடைந்த கிரில் இருந்தது. அதை மடியில் வைத்தால் புடவை கிழியும். பின்னால் ஏறினேன். அவர் சீட்டுக்கு நேர் பின்னால்.

ஸ்கூல் ரோட்டில் திரும்பினோம். வேகத்தடை வந்தது. ஏறி இறங்கினோம். சத்தம் இல்லை. அவர் தோள் இறுகுவது பின்னாலிருந்து தெரிந்தது. கழுத்து திரும்பப் பார்த்தது, திரும்பவில்லை.

நான் நினைத்துச் செய்யவில்லை. கால் தானாகப் போயிற்று. ஒரே ஒரு உதை, சின்னதாக.

வண்டி கொஞ்ச தூரம் அப்படியே போயிற்று. சிக்னலில் நின்றது. கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது, என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உதைக்காதடி” என்றார்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. பச்சை விழுந்து, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வண்டியை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

“நான் இல்லப்பா” என்றேன். “கால்தான்.”

வண்டியை எடுத்தார்.