கொடுவா மீனும் சொல்லாமல் போன சம்பந்தியும்

செல்வ மகள் இருசம்மாளுக்கு உன் நைனா பழவேற்காட்டிலிருந்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை குப்பம்மாளும் கங்கையம்மன் புண்ணியத்தில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுதான் நாலு மாதமாகக் கலங்கிக் கிடக்கிறது. நாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா, பேரன் தவழ்கிறானா நடக்கிறானா, அதுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக நானும் உனக்கு எழுதவில்லை நீயும் எனக்கு எழுதவில்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இதை எழுத்துக்காரனை வைத்து எழுதவில்லை, அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் பொன்னேரிச் சந்தை வரைக்கும் போய்விடும். என் கையாலேயே எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். கருவாட்டு மூட்டைக்குப் பேர் போட நானும் நீயும் சேர்ந்து கற்ற எழுத்துதானே, உனக்குப் புரியும். நீ மட்டும் படி, மாமியார் கேட்டால் ஊர்ச் சேதி என்று சொல்.

ஊர்ச் சேதியும் இருக்கிறது. ஐப்பசி மழை இந்த வருஷம் விடாமல் அடித்து முகத்துவாரத்தில் மண் தள்ளிவிட்டது, ஒரு தோணியும் வெளியே போகவில்லை. இப்போதுதான் வாடைக் காற்று நிலைத்திருக்கிறது, சடையன் தோணியைத் தெற்கே எடுக்கிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஏரியில் இறால் நன்றாகப் படுகிறது, காய வைக்கத்தான் வெயில் போதவில்லை. பெரிய துரையும் எழுத்துக்காரத் துரைகளும் உங்கள் ஊருக்குக் குடிபோன பிறகு இங்கே கோட்டையில் பாதி அறைக்குப் பூட்டுதான் தொங்குகிறது, ஆனாலும் கரைக்கு வருகிற ஒல்லாந்தர் கப்பலுக்கு உப்புமீனும் காய்ந்த இறாலும் இன்னும் நான்தான் கொடுக்கிறேன். சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு இது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் உன் மாமனார் அங்கமுத்துவும் மாமியாரும் உன் கொழுந்தனை அழைத்துக்கொண்டு நம் குப்பம்மாளைக் கேட்டு இங்கே வந்தது உனக்குத் தெரியும். நீ பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. நீ வந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. வந்து இறங்கினதும் குப்பம்மாளுக்கு என்று ஒரு அரக்குப் புடவை கொடுத்தார்கள். எல்லாம் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டில்தான் முதல் இடறல். உன் அம்மா சோறு போடப் போனால் கையை மறைத்துப் போதும்போதும் என்கிறார்கள், இவளும் சரியென்று சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறாள். நம் ஊரில் போதும் என்றால் போதும்தானே. இரண்டாம் நாள் உன் மாமியார் தோணியிலிருந்து கொண்டுவந்த அவலைக் கொல்லைப்புறத்தில் நின்று தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து விசாரித்துவிட்டு உன் அம்மா ஓடி வந்து, "யோவ், இவங்க ஊர்ல மூணு வாட்டி கேட்டாத்தான் சோறு துன்னுவாங்களாம்யா, ரெண்டு நாளா பட்டினி போட்டுக்கீறோம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு ஐந்து தடவை கேட்டாள், ஐந்து தடவையும் வாங்கிக்கொண்டார்கள்.

பேச்சிலும் அப்படித்தான். மூன்று வயசுப் பிள்ளையைக்கூட வாங்க இருங்க என்கிறார்கள், நான் வாய்யா குந்து என்றால் உன் மாமனார் முகம் சுருங்குகிறது. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவன் நான், வாயைத் திறக்காமலே எதிராளி மனசு எனக்குத் தெரியும். அவரோ எல்லாவற்றையும் இனிப்பாக வாய்விட்டுப் பேசுகிறார், பேசி முடித்த பிறகு என்ன பேசினார் என்று எனக்குத் தெரிவதில்லை. உன் கொழுந்தன்தான் பரவாயில்லை. ஏரியில் கையால் இறால் எப்படிப் பிடிப்பது என்று குப்பம்மாளைக் கேட்டு முட்டி வரைக்கும் சேற்றில் இறங்கி நண்டிடம் கடி வாங்கிக்கொண்டு ஏறினான். அவள் சிரித்த சிரிப்பு எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் நம் வழக்கப்படி மீன் வைத்தேன். நீ மறந்திருக்க மாட்டாய், உனக்கும் வைத்தேனே. உயிரோடு இருக்கிற கொடுவாவைத் தலை அவர்கள் பக்கம் இருக்க முறத்தில் வைப்பது, சம்மதமென்றால் வாலைத் தொட்டு நம்மிடமே திருப்பிக் கொடுப்பார்கள், நாம் அறுத்துக் குழம்பு வைத்து எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிட்டால் உறவு முடிந்தது. சம்மதமில்லையென்றால் தொடமாட்டார்கள். இரண்டில் ஒன்று. உன்னைக் கேட்டு மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருத்தர் மட்டும்தான் வந்தார், அவர் இந்தக் கரையில் நாலு வருஷம் இருந்தவர், எல்லாம் தெரிந்து செய்தார். உன் மாமனார் மீனைப் பார்த்தார், உன் மாமியாரைப் பார்த்தார், இரண்டு கையாலும் கும்பிட்டார், மீனை அப்படியே எடுத்து ஈரக் கோணியில் சுற்றச் சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் தோணியைப் பார்க்க நடந்தார்கள். போய்வருகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை, திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. உன் அம்மா மசாலா அரைத்த கையோடு வாசலில் நின்றாள். நான் வெறும் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நீயே சொல். வாலைத் தொட்டுக் கொடுக்கவில்லை, அதனால் சம்மதமில்லை. ஆனால் மீனைத் தொடாமலும் விடவில்லை, தூக்கிக்கொண்டே போய்விட்டார். வேண்டாமென்றால் கொடுத்த புடவையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும், புடவை இங்கேயே இருக்கிறது. வேண்டுமென்றால் சொல்லிக்கொண்டு போகவேண்டும், சொல்லவில்லை. நானும் இத்தனை வருஷம் எத்தனை ஊர் ஆட்களோடு பழகியிருக்கிறேன், ஒல்லாந்தன் முகத்தைக்கூடப் படித்துவிடுவேன், உன் மாமனாரைப் படிக்க முடியவில்லை. அவர்களைக் கொண்டுபோய் விட்ட சடையனைப் புரட்டாசியில் பிடித்துக் கேட்டேன், தோணியில் என்ன பேசினார்கள், கோபமா சந்தோஷமா என்று. "எனக்கு இன்னாண்ணே தெரியும், நான் காத்தைப் பாத்துனு இருந்தேன். அந்தம்மா உப்பு கேட்டுச்சு, குடுத்தேன்" என்கிறான். உப்பு எதற்கு, மீனைக் கெடாமல் ஊருக்குக் கொண்டுபோகவா? வேண்டாத உறவின் மீனுக்கு யாராவது உப்புப் போடுவார்களா? உன் அம்மா, போடுவார்கள், மீன் என்ன பாவம் செய்தது என்கிறாள். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

அவர்களே சொல்லி அனுப்பட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன், பிறகு மழை வந்துவிட்டது. இதற்குள் பக்கத்துத் தோணிரேவுக் குப்பத்துத் தருமலிங்கம் தன் மகனுக்குக் குப்பம்மாளைக் கேட்கிறான். நல்ல இடம்தான், கண்ணுக்கு எதிரே இருப்பாள். ஆனால் கேட்கிற விதம்தான் குத்துகிறது, "இன்னா பொன்னுரங்கம், உன் நாகப்பட்டினத்து சம்பந்தி மீனைத் தூக்கினு ஓடிட்டாராமே, எங்களுக்கு மீன்லாம் வாணாம்பா, பொண்ணைக் குடு போதும்" என்று வலை உலர்த்துகிற அத்தனை பேர் நடுவிலும் சிரிக்கிறான். தை முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறான். அவனுக்குச் சரி என்று சொல்லி, பிறகு உன் மாமனார் வைகாசிக்கு மேளத்தோடு வந்து இறங்கினால் உன் நிலைமை அந்த வீட்டில் என்ன ஆகும்? அவனுக்கு இல்லையென்று சொல்லி, உன் மாமனார் வராமலே போனால் குப்பம்மாள் நிலைமை என்ன? அவள் அந்தப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுக்கிறாள், மடிக்கிறாள், திரும்ப வைக்கிறாள். கட்டவும் இல்லை, திருப்பி அனுப்பவும் விடவில்லை. "அக்காவுக்கு எழுது நைனா, அக்காவுக்கு ரெண்டு ஊரும் தெரியும். அது வரிக்கும் தோணிரேவுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாத" என்கிறாள். அவளாவது தெளிவாக ஒன்று சொன்னாளே என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடைசியில் சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் பிள்ளையோடு வந்திருந்தாய். கடையை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் வந்துவிடு நைனா என்றாய். நான் உன் ஊர்க்காரர்கள் வாயில் தேன் கையில் ஒன்றுமில்லை என்று ஏசினேன். மறுநாள் நீ தோணி ஏறினபோது போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நான் முகத்துவாரத்தில் பாய் மறைகிற வரைக்கும் நின்றேன். மகள் கோபத்தோடு போய்விட்டாள், நாம் பேசியது அதிகம் என்று தெரிந்தும், நீயே எழுதட்டும் என்று ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆவணியில் உன் மாமனார் நடந்துபோன முதுகைப் பார்த்தபோதுதான் திடுக்கென்றது. அதே மாதிரி. அந்த ஊரில் மனசு நிறைந்து போகிறவர்கள்தான் சொல்லாமல் போவார்களோ, அப்படியானால் நீயும் மனசு நிறைந்துதான் போனாயோ? இல்லை, அந்த ஊரிலும் கோபத்தில்தான் அப்படிப் போவார்களோ, அப்படியானால் எனக்கு இரண்டு மகள்கள் விஷயத்திலும் ஒரே பதில்தான். நாலு மாதமாகக் குப்பம்மாள் கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாதி நேரம் உன்னைப் பற்றித்தான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரனுக்குச் சளி பிடித்தால் உங்கள் ஊர் எண்ணெயெல்லாம் வைக்காதே, அம்மா அனுப்பியிருக்கிற பொடியைப் போடு. காய்ந்த இறால் ஒரு கூடை வருகிறது, மாமியாருக்குக் கொடுக்கும்போது மூன்று தடவை கேள். சடையன் அங்கே பத்து நாள் நிற்பான், அவனோடு வருகிற தம்பி தரை வழியாக முன்னாலே திரும்புகிறான், தை முடிவதற்குள் இங்கே வந்துவிடுவான், அவனிடம் பதிலைக் கொடு. புடவை, மீன், வெற்றிலை என்று எதையும் அனுப்பி எனக்குப் புரியவைக்கப் பார்க்காதே, எனக்கு இனிமேல் அடையாளம் எதுவும் புரியாது. எழுத்தில் எழுது. குப்பம்மாள் பதிலை முதலில் எழுது, அவள் காத்திருக்கிறாள். உன் பதிலை அதற்குக் கீழே எழுது. கோபம்தான் என்றாலும் கோபம் என்றே எழுது.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் இதை மடிக்கிறேன்.

உன் நைனா
பொன்னுரங்கம்
பழவேற்காடு, மார்கழி கடைசி