சேர்ட்டை வெளியே விட்ட ஞாயிறு

ஜூன் 1, ஞாயிறு

பாண் வாங்கக் கீழே பேக்கரிக்குப் போய் வந்தேன். கதவைத் திறந்த ஆரபி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னப்பா, பாண் கடையில இன்டர்வியூவோ?”

சேர்ட் உள்ளே, பெல்ட் இறுக்கமாக. விடுமுறை நாளில் இது பெரிய குற்றமாம். தகப்பனைத் திருத்த மகளுக்கு நேரம் இருக்கிறது. ஓகஸ்டில் மெல்பேர்னுக்குப் படிக்கப் போகிறவளுக்கு ஒரு சூட்கேஸ் வாங்கத்தான் நேரமில்லை.

அவள் போனால் இந்த ஃபிளாட்டில் நான் மட்டும். அவளுடைய அம்மா செத்துப் போய் ஒன்பது வருடம். இந்த வயதில் எனக்கு ஒரு கல்யாணப் பேச்சைக் கொண்டுவந்தவளும் ஆரபிதான். ஜீவராணி, தெஹிவளை, பாமசி ஒன்றில் வேலை, கல்யாணம் கட்டாதவர். போன ஞாயிறு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. சுற்றி வளைத்து எழுதுவானேன்.

அவர் நெற்றியில் பொட்டு இல்லை. “வேதக்காரரோ?” என்று ஆரபி கேட்டாள். கிறிஸ்தவர் இல்லை, கோயிலுக்குப் போகிறவர்தான். நான் விசாரிக்கவில்லை.

ஜூன் 4, புதன்

ஒஃபிசில் பக்கத்து மேசை பதியுதீனிடம் கேட்டேன். மனேஜர் கூப்பிட்டால் ஒழிய அவர் சேர்ட்டை உள்ளே விடமாட்டார்.

“உள்ளுக்கு உட்டா வகுறு முன்னுக்கு வருது கிருபா. வெளிய உட்டா ஒரு மனுசனுக்கும் தெரியாதே.”

நான் என் கட்சியைச் சொன்னேன். கீழ்விளிம்பு வளைவாக வெட்டிய சேர்ட் உள்ளே விடுவதற்கென்றே தைத்தது. நேராக வெட்டியதென்றால் வேறு கதை. ஐம்பது வயதுக்காரன் சேர்ட்டைத் தொங்கவிட்டால் இப்போதுதான் பாயிலிருந்து எழும்பியவன் போல் இருப்பான். பதியுதீன் தலையாட்டிக்கொண்டு வடையைச் சாப்பிட்டு முடித்தார்.

ஒழுங்கு, அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது.

ஜூன் 6, வெள்ளி

ஜீவராணியின் மெசேஜ். ஞாயிறு பின்னேரம் மரைன் டிரைவில் நடப்போமா என்று. கடைசியில், “சும்மா கஷுவலா வாங்கோ.”

கஷுவலாக என்றால் எப்படி? செருப்போடா? ஆரபிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னேரமே காலி வீதிக் கடையொன்றுக்குப் போய் ஒரு லினன் சேர்ட் வாங்கி வந்தாள். கீழ்விளிம்பு நேர்வெட்டு. பதியுதீனிடம் பேசியதை இவளிடம் சொன்னது என் பிழை.

ஜூன் 8, ஞாயிறு

வெளியே விட்டிருக்கிறேன். எதையோ வீட்டில் மறந்துவிட்டு வெளிக்கிட்ட மாதிரி இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

லீவு போட்டேன். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நடை நன்றாகத்தான் போனது. மருந்துப் பெயர்களை ஆட்கள் எப்படியெல்லாம் சொல்லிக் கேட்பார்கள் என்று அவர் செய்து காட்டினார், நான் சிரித்தேன். திரும்பி வரும்போது ரயில் கடவைக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் நின்றார். ஹெல்மெட் போடாத ஒருவனை மறித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

என் இரண்டு கைகளும் சேர்ட்டின் விளிம்பைப் பிடித்து நெஞ்சு வரை தூக்கின. அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி முதுகையும் காட்டினேன். நடுச்சந்தியில், வெள்ளை வயிறு தெரிய, ஒருவரும் கேட்காமல்.

பொலிஸ்காரர் சின்னப் பெடியன். யுத்தம் முடியும்போது பாலர் வகுப்பில் இருந்திருப்பான். “மொகத அங்கிள்?” என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தான். எனக்கு உடம்புக்கு ஏதோ வருத்தம் என்று பயந்துவிட்டான்.

ஜீவராணி உடனே, “முகுத் நே மல்லி, ரஸ்னெய்” என்றார். ஒன்றுமில்லை தம்பி, வெக்கை. அவனும் சிரித்து, ஓம் சரியான வெக்கைதான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவர் என்ன கதைத்தார் என்று தெரியாது. முதலில் வந்த ஓட்டோவில் ஏறிவிட்டேன். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆர் கேட்டது உன்னை? ஆரடா கேட்டது, கிருபாகரன்?

யுத்தம் நடந்த அந்த நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போவதென்றால் எத்தனை செக் பொயின்ட். சேர்ட் வெளியே தொங்கினால், உள்ளே குண்டு கட்டியிருக்கிறேனோ என்று பொலிஸ்காரன் நிப்பாட்டுவான். “உஸ்ஸன்ன.” தூக்கு. தூக்கிக் காட்ட வேணும், திரும்ப வேணும், பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே விட்டால் தூக்க ஒன்றுமில்லை, பெல்ட்டைப் பார்த்துவிட்டுப் போ என்பான். அப்படித்தான் உள்ளே விடத் தொடங்கினேன். ஒழுங்கு என்ற பெயர் எப்போது வந்தது என்று தெரியவில்லை. செக் பொயின்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நான் இன்னும் பெல்ட்டோடு பாண் வாங்கப் போகிறேன்.

வெட்கமாக இருக்கிறது. விசரன் என்று நினைத்திருப்பார். இது சரிவராது. முடிந்தது.

ஜூன் 11, புதன்

லினன் சேர்ட்டை அலுமாரியில் அடியில் வைத்தேன். அளவு சின்னன் என்று ஆரபியிடம் சொன்னேன். நம்பவில்லை.

ஜூன் 13, வெள்ளி

“சத்தத்தைக் காணேல்லை. சுகமோ?” என்று மெசேஜ். அனுதாபமாக இருக்கும். பதில் போடவில்லை.

மூன்று தரம் திறந்து பார்த்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மணி அடித்தது. ஆரபி திறந்தாள். ஜீவராணி, கையில் பேக்கரிப் பற்றீஸ் பெட்டி. நான் வீட்டுக்குள்ளேயே சேர்ட்டை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு டிவி முன்னால். ஒளிக்க இடமில்லை.

ஆரபி தேத்தண்ணி போட உள்ளே போனாள். போவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அந்தப் பெடியன் நல்லாப் பயந்து போனான்” என்றார் ஜீவராணி.

“நீங்கள்?”

“நான் ஏன் பயப்பிட? எனக்கு விளங்கினது.” பற்றீஸ் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். “நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில, பஸ் தெஹிவளைப் பாலத்தடிச் செக் பொயின்ட்டுக்கு வரேக்கை, தமிழெண்டு தெரியக்கூடாதெண்டு பொட்டைக் கழட்டிக் கைலேஞ்சிக்குள்ள வச்சிடுவன். பிறகு, ஏன் கரைச்சல் எண்டு வீட்டிலையிருந்தே வைக்காமல் வெளிக்கிட்டன். இப்ப ஆரும் கேட்டால் அலேர்ஜி எண்டு சொல்லுவன்.”

“அலேர்ஜியோ?”

“பாமசியில வேலை செய்யிறவள் சொன்னால் நம்புவினம்தானே.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “உள்ளுக்கு விடுங்கோ, வெளிய விடுங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. மெசேஜுக்குப் பதில் போடுங்கோ. ரெண்டு நாள் போனைப் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார். கோபம்தான், சந்தேகமில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

ஐந்து மெசேஜ் போட்டேன். ஒன்று போதுமாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆரபி போவதற்கு முன் கல்யாண எழுத்தை வைப்பதென்று முடிவு. படம் எடுக்கக் கோட் போடச் சொல்கிறாள். கோட்டுக்குள் சேர்ட் உள்ளேதான் இருக்க வேண்டும், இந்த விஷயத்திலாவது நாங்கள் ஒரு கட்சி.

ஓகஸ்ட் 8, வெள்ளி

கையெழுத்து வைத்தோம். பதியுதீன் ஒரு சாட்சி, சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார். வயிறு உண்மையிலேயே முன்னுக்கு வருகிறது.

ஓகஸ்ட் 16, சனி

ஆரபி போய்விட்டாள். எயார்போர்ட்டில் நான் அழுதேன். ஜீவராணி அழவில்லை, எனக்குக் கைலேஞ்சி தந்தார்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பாண் முடிந்திருந்தது. போய் வாங்கி வந்தேன்.

முகம் கழுவப் போனால், குளியலறைக் கண்ணாடியில் ஒரு ஒட்டுப்பொட்டு. சின்னது, மெரூன் நிறம். போன கிழமை இருக்கவில்லை. வழக்கமாகக் கண்ணாடியில் எது ஒட்டியிருந்தாலும் சுரண்டிவிடுவேன். விட்டுவிட்டேன்.

அதே கண்ணாடியில்தான் கண்டேன், சேர்ட் வெளியே. ஆரபி வாங்கிய லினன். அப்படியே சந்தி வரை போய் வந்திருக்கிறேன்.

சந்தியில் பொலிஸ் நின்றதா? நின்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

“பருப்பு ஆறுது, வாங்கோ” என்று ஜீவராணி கூப்பிட்டார். பாண் இன்னும் சூடாக இருந்தது.