இவருக்கு வழக்கமான அளவு

திங்கள், 06.00. கர்ப்பம் 29ஆம் வாரம்
நிலவின் தென்முனைக் கிளை நிலையம். எழுதுவது மருத்துவர் செண்பகவடிவு. உடனிருந்தவர்கள் பணி முடிந்து போய்விட்டார்கள். மாற்று ஆள் வரும்வரை நிலையத்தைக் காலியாக விடக்கூடாதாம். ஆக, மருத்துவரும் நானே, நோயாளியும் நானே. ரத்த அழுத்தம் 150/96. கருத்தரிக்கும் முன்பே எனக்கு அழுத்தம் உண்டு. கையிலும் வயிற்றிலும் கட்டியிருக்கும் 'காவலன்' கருவி அதையே என் வழக்கமான அளவாகப் பழகிக்கொண்டது. பச்சை விளக்கு, எல்லாம் சரியாம்.

புதன், 06.00
158/102. விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. நாள்பட்ட அழுத்தம், சர்க்கரை, நாற்பது வயதில் முதல் பிள்ளை, என் அம்மாவுக்கும் பேறுகாலத்தில் வலிப்பு. இப்படி ஒருத்தி வந்திருந்தால் அதட்டி அட்மிட் செய்திருப்பேன். இது வராமலிருக்க ஆஸ்பிரின் விடாமல் போட்டும் சிறுநீரில் புரதம் இறங்குகிறது. இது பழைய அழுத்தமல்ல, வலிப்பில் கொண்டுபோய் விடும் முன்சூல்வலிப்பு. பிள்ளையை வெளியே எடுப்பதுதான் தீர்வு. அறுவை அரங்கு தலைமை நிலையத்தில் இருக்கிறது. ஊர்தி கேட்டேன்.

புதன், 11.40
தலைமை நிலையப் பணி அதிகாரி துரைப்பாண்டியின் பதில்: "டாக்டரம்மா, ஒங்களுக்குத்தான் எப்பவுமே பிரஷர் உண்டுல்லா. காவலன் பச்சைதான் காட்டுது. செவப்பு விழாம வண்டி அனுப்புனா எஞ்சோலிக்கு ஒல வச்சிருவாங்க. ரெஸ்ட் எடுங்க."
போன வாரம் பாறை மாதிரிகளை ஏற்ற இரண்டு வண்டிகள் வந்தன. பாறைக்கு எந்த விளக்கும் எரிய வேண்டியிருக்கவில்லை.

வியாழன், 05.15
172/112. பச்சை. காவலன் நேற்றைய உயர்வையும் சேர்த்துச் சராசரி போட்டு, என் வழக்கத்தையே மேலே ஏற்றிவிட்டது, பாவி. தலை பிளக்கிறது. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் ஊசி இருக்கும் அலமாரியும் சிவப்புக்குத்தான் திறக்கும். ஸ்பேனரால் அடித்துப் பார்த்தேன். பூட்டை மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். மகள் உதைக்கிறாள். அவளுக்காவது கோபம் வரட்டும்.

வியாழன், 09.30
பார்வை மங்குகிறது என்று சொன்னேன். துரைப்பாண்டி: "மேல கேட்டுட்டேம்மா. நாளைக்கு மீட்டிங்ல வைக்காங்களாம்."

வியாழன், மணி தெரியவில்லை
நெஞ்சுக்குழியில் வலி. கண்ணில் மின்னுகிறது. சிவப்பாவது விழட்டுமென்று காவலனைக் கழற்றினேன். 'பட்டை நழுவியது, பச்சை' என்று எழுதிக்கொண்டது. திரும்பக் கட்டிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். துரைப்பாண்டி, வந்தால் முதலில் வயிற்றைத் திறக்கச் சொல்லுங்கள். என் உயிரைப் பார்க்க வேண்டாம். அவள் இன்னும் உதை

வெள்ளி, 06.00. காவலன், தானியங்கிப் பதிவு
அழுத்தம் இரவு முழுவதும் குறைந்து வந்துள்ளது. முன்னேற்றம். சிசுவின் நாடி பதிவாகவில்லை. பட்டை நழுவியிருக்கலாம். நிலை: பச்சை. ஊர்தி தேவையில்லை.