நான்கு தட்டுப் பாகற்காய்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
ஞாயிறு காலை.

அன்புத் தம்பி சுகுமாறனுக்கு,

அக்கா லோகேஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் உன் மச்சானும் சுகமாக இருக்கிறோம். நீ சுகம் என்பதை நீ அனுப்பும் கட்டைவிரல் படத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அந்த விரலைப் பார்த்து நீ இளைத்திருக்கிறாயா, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாது. அதனால்தான் இந்தக் காகிதம். வெள்ளிக்கிழமை தவறாமல் நம் கடைக்கு வரும் மலர் டீச்சர், மகளைப் பார்க்கப் பெர்த்துக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மசாலா எதுவும் வைக்கவில்லை, அங்கே ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களாம். உன்னிடம் பதில் வாங்காமல் வாசலை விட்டு நகரக் கூடாது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். நகர மாட்டார்.

நீ சமைக்கும் ஓட்டலில் இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றும், இந்த மாதக் கடைசிக்குள் போட வேண்டும் என்றும் உன் கூட்டாளி ஒருவர் மூலம் எனக்குத் தெரியவந்தது. நீயாக எனக்குச் சொல்லவில்லை, அதை அப்புறம் பேசிக்கொள்வோம். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. எழுதப்போவதெல்லாம் சாப்பாட்டுக் கதைதான், பயப்படாதே.

கடையை மூடியிருக்கிறோம். அதை உனக்குப் போட்டோவாக அனுப்பினேன், அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. சமையல்கட்டை இடித்துக் கட்டுகிறார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம் உன் மச்சான் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது, வேறு வழியில்லை என்கிறார். என்னை உள்ளே விடவில்லை. தூசி, உனக்கு இருமல் வரும் என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். நீ போன பிறகு உன் இடத்துக்கு இரண்டு தலைமைச் சமையல்காரர்கள் வந்தார்கள், இரண்டு பேரும் நிலைக்கவில்லை. தீபாவளிக்கு முன் திறந்தாக வேண்டும், அதற்குள் நல்ல கையாக ஒன்று பிடிக்கப் போகிறேன் என்று என்னை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிடுகிறார். முப்பது வருஷமாகக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று பிறர் சாப்பிடுவதைப் பார்த்தவள், இப்போதுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. இரண்டு புதுச் சேலை எடுத்துவிட்டேன்.

முதலில் செந்தூலில் ஒரு சைவக் கடை. வெள்ளிக்கிழமை மதியம், உட்கார இடமில்லை. சாம்பார் இனித்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சோற்றைப் பாத்தி கட்டி வைத்துக்கொண்டு ரசத்துக்காகக் காத்திருந்தது. பரிமாறுகிற பையன்கள் எல்லாம் வாசல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு நிமிர்கிறேன், எதிரே உன் மச்சானைக் காணோம். மனுஷன் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மேசைக்கு ஊற்றி முடித்துவிட்டார். நான்காவது மேசையில் ஒரு அம்மா அப்பளம் கேட்க, அதற்கும் கிளம்பினார். அந்தக் கடை முதலாளி ஓடிவந்து, யார் எவர் என்று தெரிந்துகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. காரில் ஏறியதும், ரசம் ஆறிப்போயிருந்தது, அதை ஊற்றாமல் வைத்திருந்தால் இன்னும் ஆறியிருக்கும் என்று ஒரு நியாயம் சொன்னார். பிறகு கொஞ்ச தூரம் போய், பெருங்காயத்தை எப்போது போட வேண்டும் என்று தெரியாதவனெல்லாம் ரசம் வைக்கிறான் என்றார். உனக்குத் தெரியும், பெருங்காயத்தை அவரோடு சண்டை போட்டுக் கடைசியில் போட்டவன் யார் என்று.

அடுத்தது பெட்டாலிங் ஜெயாவில். குளிர்சாதனம் போட்ட கடை. வாழையிலையைத் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டித் தட்டில் போட்டிருந்தார்கள். வட்டமான இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று இவர் பரிமாறுகிறவரைக் கேட்டார். அவர் நேப்பாளக்காரர், பாவம், சிரித்தார். மேசையில் ஒட்டியிருக்கும் சதுரத்தைப் போனில் படம் பிடித்து, போனிலேயே சாப்பாடு கேட்க வேண்டுமாம். நான் அழுத்துகிறேன் என்றால் தரவில்லை. பாகற்காய் வறுவலை அழுத்தினார். ஒன்றும் நடக்காதது போலிருந்ததால் திரும்பத் திரும்ப அழுத்தினார். நான்கு தட்டுப் பாகற்காய் வந்தது.

தப்பாகிவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொன்னாரா? வேண்டுமென்றே கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நான்கு தட்டையும் தின்று முடித்தார். நான் ஒரு தட்டுக்குக் கை நீட்டினேன், தட்டிவிட்டார். இனிப்பு நீர் வியாதிக்கு நல்லது என்றார். அவருக்கு அந்த வியாதியே கிடையாது. தம்பி, இந்த மனுஷனோடு நான் இத்தனை வருஷம் வாழ்ந்ததில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். தப்பு என்பது அவர் வாயிலிருந்து வராது. ஆனால் கசந்தாலும் தானே தின்று தீர்ப்பார். அன்று அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ரவாங்கில் மீன்தலைக் கறி சாப்பிட்டோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மீன் மட்டும் பாவம்.

இப்போது கிள்ளானுக்கு வருகிறேன். போன ஞாயிறு. ரயில்வே நிலையத்துக்கு அப்பால் சின்னக் கடை, குளிர்சாதனம் இல்லை, காற்றாடிதான், சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஆட்டுக்கறி பெரட்டல் வந்தது. முதல் வாய் வைத்ததும் உன் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். எந்தக் கடையிலும் குறை சொல்லாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தவரில்லை அவர். சோறு மறுபடி வாங்கினார். அதற்கு மேலும் வாங்கினார். முடித்துவிட்டு, இலையை மேலிருந்து தன் பக்கமாக மடித்தார். இப்படி ஊர் ஊராகச் சாப்பிட்டதில் அவர் மடித்த முதல் இலை அது. மற்ற கடையிலெல்லாம் திறந்தபடியே விட்டுவிட்டுக் கைகழுவப் போய்விடுவார்.

எனக்கும் நாக்கு இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இலை மடிந்ததைப் பார்த்ததும் என் இலையை மடிக்காமலே எழுந்துவிட்டேன். நல்ல சமையல்காரன் கிடைக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டு, கிடைக்கக் கூடாது என்று மனசால் வேண்டிக்கொண்டுதான் நான் ஒவ்வொரு கடையிலும் சாப்பிட்டிருக்கிறேன். கிடைத்துவிட்டால் உன் இடம் போய்விடும். உன் இடம் போனால் நீ அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவாய். நமக்கு உடன்பிறந்தவர் வேறு யாரும் இல்லை, சுகு.

சமையல்காரரை வெளியே வரச் சொன்னார். வீரப்பன் என்று பேர், சிவகங்கைப் பக்கம். வேலை பெர்மிட்டில் வந்திருக்கிறார், அது முடியப்போகிறது, வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல மாதிரி, பேச்சில் மரியாதை இருக்கிறது. உயரம் மட்டும் என் தோளுக்கு வருவார். வந்து சமையல்கட்டைப் பாருங்கள், பிடித்திருந்தால் பேசுவோம் என்று உன் மச்சான் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேண்டியது கிடைத்த ஆளின் முகமாக அது இல்லை.

புதன்கிழமை வீரப்பன் வந்தார். நானும் வருவேன், இருமினால் இருமிக்கொள்கிறேன் என்று பிடிவாதமாக உள்ளே போய்விட்டேன். எல்லாம் புதிது. புதுக் குழாய், புதுத் தரை. கட்டட வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் ராஜன் ஓரமாக ஓடு பதித்துக்கொண்டிருந்தார். பழைய அடுப்பு மேடை உனக்கு ஞாபகம் இருக்கும், மறக்க முடியுமா? முட்டிக்குக் கீழே. அண்டாவைக் கிண்டக் கிண்ட உன் முதுகு வில்லாக வளைந்து, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நின்றாய். மேடையை உயர்த்துங்கள் என்று வருஷா வருஷம் கேட்டாய். கடையை ஒரு நாள்கூட மூட முடியாது என்று அவர் வருஷா வருஷம் தள்ளினார். கடைசியாக அந்தச் சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது அவர் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

"உன் ஒசரத்துக்குக் கடைய கட்டச் சொல்றியா?"

நீ ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, ஒருவர் புருஷன், ஒருவர் தம்பி.

அந்த மேடை இப்போது இல்லை. புது மேடை எழும்பியிருக்கிறது. அதன் மேல் ஒரு காலி அண்டாவை வைத்துக் காட்டினார்கள். வீரப்பன் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றார். அண்டாவின் வாய் அவர் தோளுக்கு வந்தது. எட்டிப் பார்த்தார், குதிகாலை உயர்த்திப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"அண்ணே, இது யாருக்குக் கட்டுனது? நான் ஸ்டூல் போட்டு ஏறித்தான் கிண்டணும்."

உன் மச்சான் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார், அதில் ஏதோ கோளாறு இருப்பதுபோல. பதிலை ராஜன்தான் சொன்னார், ஓடு பதிப்பதை நிறுத்தாமலேயே.

"பாஸ் சொன்ன அளவுதான் லா. பின்வாசல்ல தலைய குனிஞ்சு வர்ற ஆளுக்கு அண்டா வாய் இடுப்புக்கு வரணும்னு சொன்னாரு. எத்தன தடவ வந்து நின்னு அளந்தாரு தெரியுமா."

நம் பின்வாசலில் தலை குனிந்து வருகிறவன் ஒரே ஒருவன்தான், சுகு. உன் மச்சானுக்கே அண்டா வாய் நெஞ்சுக்கு வருகிறது.

வீரப்பனுக்காக ராஜன் ஒன்று சொல்லிப் பார்த்தார். இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டால் இறங்கிவிடும், ஒரு நாள் வேலைதான் என்றார். உன் மச்சான் அந்த மேடையின் மேல் கையை வைத்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் தடவினார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். வீரப்பனிடம், மாத முடிவில் தகவல் சொல்கிறேன் என்று வாசல் வரை போய் வழியனுப்பினார். அந்த மனிதருக்கும் பொய்யாக நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று நான் பின்னாலேயே போய், பந்திங்கில் எனக்குத் தெரிந்த கடை ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டேன். நேற்று பேசிவிட்டாராம், அவர்களுக்கும் பிடித்துவிட்டதாம். பார்த்தாயா, நான் எவ்வளவு தைரியமாக இருக்கிறேன் என்று. உன்னைக் கேட்காமலேயே ஆளை அனுப்பிவிட்டேன். இப்போது அந்த மேடைக்கு முன்னால் நிற்க இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒருவரும் இல்லை.

நான் எழுதுவது அவருக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறார், பக்கம் புரட்டி வெகு நேரமாகிறது. ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். பெர்த்தில் இப்போது குளிரா என்று கேட்டு எழுது என்றார். அதற்கு அவருக்குப் பதில் எழுது. நான்கு தட்டுப் பாகற்காயை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுது.

அங்கே நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். எத்தனை பேருக்குச் சமைத்தாலும் உனக்கென்று ஒரு தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிடு. இடுப்பில் பட்டை கட்டிக்கொள். கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் ஏப்ரனைத் துவைத்து அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அடுப்பை உன் மச்சான் உயர்த்திவிட்டார். பின்வாசலையும் உயர்த்தலாமா என்று ராஜன் கேட்டதற்கு, அது பழைய சுவர், கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் வரும்போது அங்கே மட்டும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள், தம்பி.

உன் வரவுக்கு இலை போட்டுக் காத்திருக்கும்,
அக்கா லோகேஸ்வரி.